எர்த் பின்னை அறுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்

போன திங்கட்கிழமை, கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவதற்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்து மேஜையில் உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் சொன்னார்: "சவுண்டு வரலை சார். அதோட, வீட்ல லேசா ஷாக் அடிச்சிருச்சு." நான் செட்டைப் பார்க்கவில்லை. நேராகப் பிளக்கைத்தான் பார்த்தேன். மூன்று பின் பிளக். மேலே இருக்க வேண்டிய தடித்த பின், அதாவது எர்த் பின், இல்லை. ஹேக்ஸா பிளேடு வைத்து அடியோடு அறுத்திருந்தார்கள்.

சித்திரையிலிருந்து இது நான்காவது.

"லேசா" என்றால் எவ்வளவு லேசா என்று கேட்டேன். அவர் வீட்டில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஈரக் கையோடு, வெறுங்காலோடு, ஷெல்ஃபின் அடித்தட்டில் இருந்த ஆம்பை நகர்த்தப் போயிருக்கிறார். ஷாக் தூக்கி எறிந்ததில் சோபாவின் கால் இடித்து முழங்கை வீங்கிவிட்டது. எறிந்ததே நல்லது. பிடித்து இழுத்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

இருபத்தாறு வருடமாகத் திருச்சியில் ஆடியோ ரிப்பேர் பார்க்கிறேன். 4440 ஐசி (ஆம்ப்ளிஃபயர் சிப்) போட்டு வீட்டுக்கு வீடு லோக்கல் ஆம்ப் செய்த காலத்திலிருந்து, புளூடூத் சவுண்ட்பார் வரை என் மேஜைக்கு வந்துவிட்டன. (சேனலுக்கு 6 வாட் தரும் அந்த ஐசியைப் போட்டுவிட்டு, டப்பாவில் ஆயிரம் வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.) எது மாறினாலும் இந்த ஒரு வைத்தியம் மட்டும் மாறவில்லை. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமல் கேட்கிறதா? எர்த் பின்னை வெட்டு. போய்விடும்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணமே, அது உண்மையிலேயே போய்விடுகிறது என்பதுதான். போகாமல் இருந்தால் யாரும் வெட்ட மாட்டார்கள். வெட்டிய நிமிடமே ஸ்பீக்கர் அமைதியாகிவிடும். வெட்டிய தம்பி நிமிர்ந்து பார்த்து, "பாத்தீங்களா, எர்த்துலதான் பிரச்சினை" என்பார். வீட்டுக்காரர் ஐம்பது ரூபாயும் டீயும் கொடுத்து அனுப்புவார்.

எர்த்தில் பிரச்சினை இல்லை ஐயா. எர்த் இரண்டு வழியாக வருவதில்தான் பிரச்சினை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆம்பின் பாடி மூன்றாவது பின் வழியாக உங்கள் வீட்டு எர்த்தோடு, அதாவது மண்ணுக்குள் போகும் வயரோடு, சேர்ந்திருக்கிறது. அதே பாடி, ஆர்சிஏ கேபிளின் (பாட்டு வருகிற சிவப்பு, வெள்ளை வயர்) வெளிப்பின்னல் வழியாக செட்டாப் பாக்ஸோடும், அங்கிருந்து கேபிள்காரரின் வயர் வழியாகத் தெருக்கம்பத்தோடும் சேர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டு மண்ணும் தெருக்கம்பத்து மண்ணும் எப்போதும் ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. அந்தச் சின்ன வித்தியாசம் இருக்கிறதே, அது ஆர்சிஏ பின்னல் வழியாக 50 ஹெர்ட்ஸில் ஓடும். பாட்டு ஓடுகிற அதே கேபிள். பாட்டே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட்தான் வருகிறது. அதில் சில மில்லிவோல்ட் கரண்ட் இரைச்சல் கலந்தால் போதும், ஆம்ப் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கும். அதுதான் நீங்கள் கேட்கிற உறுமல். கிரவுண்ட் லூப் என்போம்.

இரண்டு வழியில் ஒன்றை அறுத்தால் உறுமல் நிற்கும். சரி. ஆனால் எதை அறுப்பது? உயிர்காக்க வைத்த தடித்த வழியையா, பாட்டுக்காகப் போட்ட மெல்லிய வழியையா? தெருவில் வெள்ளம் வருகிறது என்று வாசல் கதவை அடைக்காமல், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயைப் போய் அடைப்பார்களா?

பின்னை வெட்டிய பிறகு உங்கள் ஆம்புக்கு எர்த்தே இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. அந்த ஆர்சிஏ கேபிளின் தலைமுடி மாதிரி பின்னல்தான் இப்போது அதன் எர்த் வயர். திங்கட்கிழமை வந்த செட்டைத் திறந்தபோது இதைத்தான் பார்த்தேன். சுவிட்சிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற ஃபேஸ் வயர், டிரான்ஸ்ஃபார்மரின் தகரப் பட்டையில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வருடக்கணக்காக பாஸ் அடிக்க அடிக்க, அந்த அதிர்விலேயே மேல்தோல் தேய்ந்து, செம்பு பாடியைத் தொட்டுவிட்டது. மூன்றாவது பின் இருந்திருந்தால் தொட்ட நொடியில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்திருக்கும். அவர்களும் கரண்ட் போச்சு என்று யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். பின் இல்லாததால் கரண்ட் ஆர்சிஏ பின்னல் வழியாகப் போயிருக்கிறது. எம்சிபி விழும் அளவுக்கு அது தாங்கவில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் கருகி அறுந்துவிட்டது. கேபிளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், ஒரு விரற்கடை நீளத்துக்கு உருகிப்போயிருந்தது. "முதல் நாள் ராத்திரியே சவுண்டு நின்னுபோச்சு சார், கேபிள் லூஸுன்னு நினைச்சு விட்டுட்டோம், ஸ்விட்ச் ஆஃப் பண்ணலை" என்றார். அதாவது, இரவு முழுக்க அந்தப் பாடி 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. மரச் ஷெல்ஃபும் தீப்பிடிக்காமல் தப்பித்தது.

இன்னொரு கொடுமை. இப்போது வருகிற நல்ல சாக்கெட்டுகளில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். எர்த் பின் முதலில் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளையும் திறக்கும். அந்தப் பின்னை நீளமாகச் செய்வதற்கும் ஒரு காரணம் உண்டு. முதலில் சேரும், கடைசியில் பிரியும். பின்னை வெட்டியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் துளையை நெம்பிப் பிடித்துக்கொண்டு பிளக்கைச் சொருகுகிறார்கள். வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டுமா?

"அந்த கம்பெனி செட்டுல ரெண்டு பின்தானே சார் வருது, அது மட்டும் ஷாக் அடிக்காதா?" இதையும் கேட்காத வாரமில்லை. பின்பக்க லேபிளைப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும். உள்ளே இரட்டைக் காப்பு கொடுத்து, எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி செய்த செட் அது. உங்கள் தகர டப்பா ஆம்பில் அந்தக் குறி இல்லை. பின்னை அறுத்தால் குறி வந்துவிடாது.

இதைச் சொல்லும்போது அப்பா ஞாபகம் வருகிறது. அவர் வால்வு ரேடியோ ரிப்பேர்காரர். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகள் அப்போது உண்டு. அவற்றின் சேஸிஸ் (உள்ளே இருக்கும் தகரச் சட்டம்) நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் முழு சேஸிஸும் ஃபேஸ். வால்யூம் குமிழியைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ தொட்டாலே அடிக்கும் என்று அந்தத் துளையில் மெழுகு ஊற்றி அடைத்திருப்பார்கள். ரிப்பேர் பார்க்கும்போது ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள் என்பது தொழில் விதி. அப்பா வேட்டிக்காரர், பாக்கெட் கிடையாது, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்வார். நானும் சின்ன வயதில் அப்படியே நின்று பழகினேன். கரண்டுக்குப் பயப்படத் தெரிந்த தலைமுறை அது.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. என் சொந்த வீட்டிலேயே மூன்று ராத்திரி இந்த உறுமலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஷெல்ஃபுக்குப் பின்னால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தபோது, "ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்கறீங்க" என்று மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மூன்று ராத்திரியில் கற்றதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

ஆம்பை ஆஃப் செய்து, பின்னால் இருக்கும் இன்புட் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்யுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு செட்டுக்குள்தான், பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். கடைக்குக் கொண்டுவாருங்கள். நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். கழற்றியதும் உறுமல் நின்றுவிட்டதா, ஒவ்வொரு கேபிளாகத் திரும்பச் சொருகுங்கள். எந்தக் கேபிளில் உறுமல் வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துவிட்டுச் சொருகுங்கள், ஆனில் இருக்கும்போதே கேபிளைச் சொருகி எச்டிஎம்ஐ போர்டைக் கருக்கிக்கொண்டு வருகிறவர்கள் தனிக்கூட்டம்.

என் வீட்டில் குற்றவாளி கேபிள் டிவி. செட்டாப் பாக்ஸில் அந்தக் கெட்டி வயரைக் கழற்றியதும் கப்சிப். அதற்கென்றே ஐசொலேட்டர் என்று விரல் நீளத்தில் ஒன்று விற்கிறது, சிக்னலை மட்டும் விட்டு எர்த் வழியைத் துண்டித்துவிடும், இடையில் மாட்டினேன், முடிந்தது. லேப்டாப்பிலிருந்து பாட்டுக் கேட்கிறவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அதோடு நின்றால், ஆடியோ கேபிளில் மாட்டுகிற ஐசொலேட்டர் வாங்குங்கள். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் இன்னும் நல்லது. அதில் போவது வெறும் வெளிச்சம், உறுமல் கடக்க வழியே இல்லை. எல்லாப் பிளக்கையும் ஒரே போர்டில் சொருகினாலே பாதி வீடுகளில் சத்தம் குறைந்துவிடும், செலவில்லாத வைத்தியம்.

புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்குகிற பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. டர்ன்டேபிளோடு சிவப்பு, வெள்ளைக் கேபிளைத் தவிர மெல்லிசாக ஒரு வயர் வரும், முனையில் கவட்டை மாதிரி ஒரு கிளிப். அது எக்ஸ்ட்ரா வயர் இல்லை தம்பி. ஆம்பின் பின்னால் ஜிஎன்டி என்று போட்ட திருகில் மாட்ட வேண்டியது. காட்ரிட்ஜிலிருந்து (ஊசி மாட்டிய பாகம்) வருவதே 5 மில்லிவோல்ட் அளவுதான், அந்த வயர் இல்லாவிட்டால் உறுமாமல் என்ன செய்யும்? போன மாதம் வந்த ஒருவர் அதை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டு, ஆம்பின் எர்த் பின்னை அறுத்திருந்தார். மாட்ட வேண்டியதை மாட்டாமல், இருந்ததை வெட்டியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன், அவருக்குக் கோபம்.

திங்கட்கிழமைக் கதைக்கு வருகிறேன். ஆம்பைச் சரிசெய்து, புது மூன்று பின் கார்டு போட்டேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை, சாயந்தரம் அவர்கள் வீட்டுக்கே போனேன். சுவிட்ச் போர்டைத் திறந்தால், நினைத்தது சரிதான். அந்த வீட்டில் எர்த் குழியே கிடையாது. நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) ஒரு துண்டு வயரை எடுத்து அப்படியே எர்த் துளையில் கொடுத்திருந்தார்கள். டெஸ்ட் பல்ப் வைத்தால் எரியும், பார்க்கிறவருக்கு எர்த் இருப்பதுபோலத் தெரியும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால், அந்தப் போர்டில் மாட்டிய எல்லாத் தகரப் பாடியிலும் ஃபேஸ் ஏறும். அவர்களைப் பின்னை வெட்ட வைத்த உறுமலுக்கும் அதுவே காரணம். ஃப்ரிட்ஜ் ஓடும்போதெல்லாம் நியூட்ரலில் ஏறுகிற வோல்டேஜ் ஆம்பின் பாடியில்தான் வந்து நின்றிருக்கிறது. "ஃப்ரிட்ஜ் ஓடும்போது சத்தம் ஜாஸ்தியா வரும் சார்" என்று அவர்களே சொன்னார்கள்.

அவர்களின் எலக்ட்ரீசியனைப் போனில் பிடித்தேன். "அண்ணே, பத்து வருஷமா இப்படித்தான் போடறோம், ஒண்ணும் ஆனதில்லை. ஆர்சிசிபி போட்டா அடிக்கடி விழுது, அதனால கழட்டிட்டேன்" என்றார். ஆர்சிசிபி என்பது கரண்ட் வேறு வழியில் கசிந்தால் விழுந்து உயிரைக் காக்கிற சுவிட்ச். விழாமல் என்ன செய்யும்? நியூட்ரலையும் எர்த்தையும் இப்படிச் சேர்த்து வைத்தால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி விழுந்துகொண்டேதான் இருக்கும். தப்பைக் காட்டிக்கொடுத்ததற்காக அதைக் கழற்றியிருக்கிறார். இதற்குமேல் அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் போர்டுகளை நல்ல எலக்ட்ரீசியனை வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பல்ப் வைத்துப் பார்த்தால் போதாது. டெஸ்டர் செட்டின் பாடியில் மின்னுகிறதா என்று பார்த்து நீங்களே முடிவெடுக்காதீர்கள், சின்னக் கசிவுக்கும் அது மின்னும், முழு ஃபேஸுக்கும் மின்னும். எர்த் குழி இருந்தால் கோடையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். துடைக்கும்போது செட்டை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். பின் அறுந்த பிளக் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், நூறு ரூபாய்கூட ஆகாது.

அந்த வீட்டில் புதன்கிழமை கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். துண்டு வயரை எடுத்தாயிற்று, ஆர்சிசிபி திரும்ப ஏறியாயிற்று. கேபிள் டிவி வயரில் ஐசொலேட்டர் போட்டதும் மிச்ச உறுமலும் நின்றது. அந்த அம்மா முழங்கையில் கட்டோடு துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார். "இப்ப தொடலாமா தம்பி?" என்றார். நான் தொட்டுக் காட்டினேன். நம்பவில்லை. மீட்டரை வைத்துக் காட்டினேன், அதையும் நம்பவில்லை. கடைசியில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு விரலால் தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.