சூனியக்காரி சொன்ன குறி, அரசருக்கு வந்த பயம்

1581-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ராணி எலிசபெத் இன்னும் எத்தனை காலம் உயிரோடு இருப்பார், அவருக்குப் பின் யார் ஆள்வார் என்று ஜாதகம் கணித்தோ, குறி கேட்டோ, மந்திரம் போட்டோ தெரிந்துகொள்ள முயன்றால் மரண தண்டனை. கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. கேட்டதே குற்றம்.

இவ்வளவு கடுமை எதற்கு? எலிசபெத்துக்குக் குழந்தை இல்லை. வாரிசு யார் என்று வாய் திறக்கவும் அவர் மறுத்தார். அப்படிப்பட்ட நாட்டில் ‘ராணிக்கு இன்னும் ஒரு வருடம்தான் ஆயுள்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? பிரபுக்கள் அடுத்து வரப்போகிறவர் பக்கம் மெல்லச் சாய்வார்கள். சதி செய்ய நினைத்தவனுக்குத் துணிச்சல் வரும். குறி பலிக்க எந்தப் பேயும் உதவ வேண்டாம், அதை நம்பி நடக்கும் மனிதர்கள் போதும். 1351-ம் ஆண்டின் ராஜதுரோகச் சட்டமே அரசரின் சாவை மனத்தால் நினைப்பதையும் துரோகம் என்றுதான் வைத்திருந்தது. இந்த நுட்பத்தைச் சட்டம் எழுதியவர்களைவிட நாடகம் எழுதியவர்கள் ஆழமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். அந்தக் காலத்து மேடையில் சூனியக்காரி வரும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால் அரச அதிகாரம் எப்படி இயங்கியது என்பது தெரிந்துவிடும்.

முதலில் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகம். ஷேக்ஸ்பியர் 1590-களின் தொடக்கத்தில் எழுதியது. குளோஸ்டர் பிரபுவின் மனைவி எலியனோர், அரியணை மீது ஆசை வைத்து, சூனியக்காரி மார்ஜரி ஜோர்டனையும் மந்திரவாதி போலிங்புரோக்கையும் ரகசியமாக வரவழைக்கிறாள். ஆவி எழுகிறது. அரசருக்கு என்ன நேரும் என்று கேட்கிறார்கள். ‘ஹென்றி வீழ்த்தப்போகும் பிரபு’ என்றும் ‘ஹென்றியை வீழ்த்தப்போகும் பிரபு’ என்றும் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளும்படி ஆவி பதில் சொல்கிறது. சோமர்செட் பிரபுவைப் பற்றிக் கேட்டால், கோட்டைகளைத் தவிர்க்கட்டும் என்கிறது. பிற்பாடு போர்க்களத்தில் அவன் ‘கோட்டை’ என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு மதுக்கடையின் வாசலில் செத்துக் கிடப்பான். குறி பலிக்கிறது, ஆனால் கேட்டவருக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை.

இந்தக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆவி இல்லை, ஹ்யூம் என்ற பாதிரியார். எலியனோருக்கு மந்திரவாதிகளைப் பிடித்துக் கொடுப்பவர் இவர்தான். அவளிடமும் காசு வாங்குகிறார், அவளுடைய எதிரிகளான சஃபோக்கிடமும் கார்டினலிடமும் காசு வாங்குகிறார். குளோஸ்டரைக் கவிழ்க்க வேண்டும், அதற்கு அவர் மனைவியைச் சூனிய வழக்கில் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த எதிரிகளின் திட்டம். சடங்கு முடிவதற்குள் யார்க், பக்கிங்ஹம் என்ற பிரபுக்கள் காவலாட்களோடு உள்ளே புகுந்து ஆவியின் பதில்களை எழுதிய தாள்களைக் கைப்பற்றுகிறார்கள். அந்தத் தாள்தான் சாட்சி.

இது கற்பனை வழக்கும் இல்லை. 1441-ல் நிஜமாகவே நடந்தது. மார்ஜரி ஸ்மித்ஃபீல்டில் எரிக்கப்பட்டாள், போலிங்புரோக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். எலியனோர் கையில் மெழுகுவர்த்தியோடு லண்டன் தெருக்களில் நடந்து பரிகாரம் செய்தாள், மிச்ச வாழ்நாள் முழுவதும் சிறைதான்.

எலிசபெத்துக்குப் பின் 1603-ல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் லண்டனுக்கு வந்தார். சூனியத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதிய அரசர் அவர். அதற்குப் பின்னால் ஒரு கடல் பயணம் இருக்கிறது. டென்மார்க் இளவரசி ஆனை மணந்து அழைத்துவர 1589-ல் கடல் கடந்தபோது புயல்கள் வழிமறித்தன. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் பகுதியில் சூனியம் செய்ததாகப் பலர் பிடிபட்டார்கள். சல்லடையில் ஏறிக் கடலில் போனோம், அரசரின் கப்பலுக்கு எதிராகப் புயலைக் கிளப்பினோம் என்று சித்திரவதைக்குப் பின் வாக்குமூலங்கள் வந்தன. 1591-ல் வெளியான ஒரு சிறு பிரசுரம் சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஜேம்ஸ் இவர்கள் எல்லோரும் அண்டப்புளுகர்கள் என்றார். அப்புறம் ஆக்னஸ் சாம்ப்சன் என்ற பெண் அவரைத் தனியே அழைத்து, நார்வேயில் மணமான முதல் இரவில் அவரும் ராணியும் பேசிக்கொண்ட வார்த்தைகளைச் சொன்னாளாம். அரசர் ஆடிப்போய்விட்டார். அதே பிரசுரத்தில் இன்னொரு வரி: அரசர் மீது ஏன் இவ்வளவு வன்மம் என்று சாத்தானைக் கேட்டபோது, உலகத்திலேயே என் மிகப் பெரிய எதிரி அவர்தான் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதில் ஜேம்ஸுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையாக முடி சூட்டப்பட்டு, பிரபுக்களால் ஒரு முறை கடத்தப்பட்டு, ஆட்டம் கண்டுகொண்டே இருந்த அரியணை அவருடையது. சாத்தானே எதிரி என்று அறிவித்துவிட்டால் கடவுளின் பிரதிநிதி யார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 1597-ல் வந்த அவருடைய ‘டெமனாலஜி’யும், சட்டபூர்வமான நீதிபதி சூனியக்காரியைக் கைது செய்தவுடன் அவளுடைய சக்தி அடங்கிவிடும் என்கிறது. அரசரின் அதிகாரத்துக்கும் சூனியத்துக்கும் நேரடி மோதல் வைத்து அதில் அரசரை ஜெயிக்க வைக்கும் கோட்பாடு.

ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு 1603-ல் அரசரின் சொந்தக் குழுவாயிற்று. ‘மக்பெத்’ ஏறத்தாழ 1606-ல் வந்தது. அதில் சூனியம் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூன்று சூனியக்காரிகளில் ஒருத்தி, தன்னை விரட்டிய மாலுமி மனைவியைப் பழிவாங்க, சல்லடையில் ஏறி அலெப்போவுக்குப் போகும் அவள் கணவனைத் துரத்துவேன் என்கிறாள். நார்த் பெரிக் வாக்குமூலத்தின் அதே சல்லடை. ஆனால் உடனே ஒரு வரம்பும் வைக்கிறாள்: அவன் கப்பலை மூழ்கடிக்க முடியாது, அலைக்கழிக்க மட்டுமே முடியும். மக்பெத்துக்கும் இதுதான் நடக்கப்போகிறது.

அடுத்து ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் மக்பெத், சக தளபதி பாங்கோவோடு வருகிறான். கிளாமிஸ் தலைவனே, காடர் தலைவனே, பின்னாளில் அரசனாகப் போகிறவனே என்று மூவரும் வாழ்த்துகிறார்கள். சற்று நேரத்தில் தூதுவர்கள் வந்து காடர் பட்டம் உனக்கே என்கிறார்கள். மக்பெத் அதிர்ந்துபோகிறான்: ஒன்று பலித்துவிட்டது, அப்படியானால் மற்றதும் பலிக்கும். ஆனால் பார்வையாளருக்கு வேறொன்று தெரியும். முந்தின காட்சியிலேயே டங்கன் அரசர் காடரின் பட்டத்தைப் பறித்து மக்பெத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். காரியம் செய்தது அரசரின் வாக்கு. சூனியக்காரிகள் அதை முன்கூட்டிச் சொல்லி, தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். மக்பெத் ஏமாறுவது சரியாக இந்த இடத்தில்தான், அந்த ஏமாற்றத்தை ஷேக்ஸ்பியர் நம் கண் முன்னே, எதையும் ஒளிக்காமல் நிகழ்த்திக் காட்டுகிறார்.

மக்பெத் பின்னால் டங்கனைக் கொன்றுதான் அரசனாகிறான், ஆனால் கொலை செய் என்று அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. விதி என்னை அரசனாக்குவதானால் நான் அசையாமலே ஆக்கட்டுமே என்று மக்பெத்தே ஒரு கணம் நினைக்கிறான். ஆனால் அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவிக்கிறார். இப்போது மக்பெத்தின் காதில் இரண்டு அறிவிப்புகள், இரண்டும் ‘இவன் அரசனாவான்’ என்பவை. ஒன்று பொட்டல்வெளியில் கேட்டது, மற்றொன்று அரசவையில் கேட்டது. 1581 சட்டம் பயந்தது இதற்குத்தான்: அரசர் மட்டுமே சொல்ல வேண்டியதை இன்னொருவர் சொல்லிவிடுவது.

பிற்பாடு சூனியக்காரிகள் மக்பெத்துக்குக் காட்டும் மாயக் காட்சியில் எட்டு அரசர்கள் வரிசையாக நடந்து வருவார்கள், எட்டாமவர் கையில் கண்ணாடி. பாங்கோவின் வம்சம் அது. ஜேம்ஸ் தன்னைப் பாங்கோவின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டார். பாங்கோ என்று ஒருவர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை. ஸ்டூவர்ட் அரசர்களை இரண்டாம் ராபர்ட்டிலிருந்து எண்ணினால் ஜேம்ஸ்தான் எட்டாமவர், ஆனால் அப்படி எண்ண அவருடைய தாய் மேரியை விட்டுவிட வேண்டும். மேரியின் தலையை வெட்டிய மரண ஆணையில் கையெழுத்திட்டவர் எலிசபெத். அந்தக் கதையை லண்டன் மேடையில் யாரும் கிளற விரும்பியிருக்க மாட்டார்கள்.

சூனியத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் நாடகம் காட்டுகிறது. இங்கிலாந்து அரசர் எட்வர்ட் கண்டமாலை (கழுத்தில் கட்டி வரும் நோய்) நோயாளிகளைத் தொட்டுக் குணப்படுத்துகிறார், அவர்கள் கழுத்தில் பொற்காசு மாட்டுகிறார், அவருக்கு முன்னறிந்து சொல்லும் வரமும் உண்டு என்று மால்கம் சொல்கிறான். தொடுவது, மந்திரம்போல் ஜெபிப்பது, வருவதை அறிவது: பட்டியலில் உள்ளவை எல்லாம் சூனியக்காரியிடமும் இருப்பவையே. சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேறுபாடு. அதைத் தீர்மானிப்பவரோ அரசரே. ஜேம்ஸுக்கே இந்தத் தொட்டுக் குணப்படுத்தும் சடங்கில் ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது, அற்புதங்களின் காலம் முடிந்துவிட்டது என்று நம்பும் புராட்டஸ்டன்ட் அவர். ஆனாலும் கடைசியில் செய்தார்.

மேடையில் இடி முழக்கம் வேண்டுமென்றால் கனமான இரும்புக் குண்டை உருட்டினார்கள், பறையை அதிர்த்தார்கள். மின்னலுக்கு வாணம். வாணத்தில் கந்தகமும் வெடியுப்பும் உண்டு. 1605 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு சதி பிடிபட்டதே, அந்தக் கலவையின் நாற்றமும் இதுதான். ‘மக்பெத்’ தொடங்கும்போதே அந்த வாடை கொட்டகையில் பரவியிருந்தால் அரசரைக் கொல்ல முயன்றவர்களின் நினைவு யாருக்கும் வராமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அரண்மனைக்குள் இந்தச் சூத்திரம் இன்னும் அப்பட்டமாக இருந்தது. 1609 பிப்ரவரி 2 அன்று வைட்ஹாலில் பென் ஜான்சன் எழுதிய ‘ராணிகளின் மாஸ்க்’ நடந்தது. மாஸ்க் என்பது அரசவையினரும் சேர்ந்து ஆடும் அரண்மனை ஆட்ட நாடகம். தொழில்முறை நடிகர்கள் பன்னிரண்டு சூனியக்காரிகளாக ஆடினார்கள். திடீரென்று வாத்தியங்கள் ஓங்கி ஒலிக்க, நரகக் காட்சி மறைந்து புகழ் மாளிகை தோன்றியது. அதில் ராணி ஆனும் பதினொரு சீமாட்டிகளும். சூனியம் தோற்பதற்கு ஒரு சண்டைகூடத் தேவைப்படவில்லை, ராணி தோன்றியதே போதும்.

ஆனால் பொது மேடையில் இது எப்போதும் அரசவைக்குச் சாதகமாக முடியவில்லை. 1621 ஏப்ரலில் எலிசபெத் சாயர் என்ற ஏழைக் கிழவி சூனியக்காரி என்று லண்டனின் தூக்குமேடையான டைபர்னில் தூக்கிலிடப்பட்டாள். அதே ஆண்டு ரோலி, டெக்கர், ஃபோர்ட் மூவரும் சேர்ந்து ‘எட்மன்டன் சூனியக்காரி’யை எழுதினார்கள். ஏழையாக, கூனலாக, படிப்பில்லாதவளாக இருப்பதால் ஊரின் அழுக்கையெல்லாம் என் மேல் கொட்டுகிறார்களா என்று கேட்கிறாள் அந்த நாடகத்தின் சாயர். நீதிபதியிடம், சூனியக்காரி என்றால் யார், அரசவையில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஆண்களின் சொத்தைக் கரைப்பவர்கள் என்ன என்று திருப்பிக் கேட்கிறாள். இந்த வகை நாடகங்களில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது.

1634-ல் லங்காஷயரில் ஒரு சிறுவனின் புகாரை வைத்துப் பலரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்த சூனிய வழக்கில் நீதிபதிகளுக்கே ஐயம் வந்து விஷயம் ஜேம்ஸின் மகன் அரசர் சார்லஸிடம் போனது. சிலரை லண்டனுக்கு வரவழைத்தார்கள். அவர்கள் அங்கே காவலில் இருந்தபோதே குளோப் அரங்கில் அரசரின் குழு அவர்களைப் பற்றி ஹேவுட், ப்ரோம் இருவரும் எழுதிய நாடகத்தை நடத்தியது. முடிவுரையில், தீர்ப்புக்குப் பின் அரசரின் கருணை இவர்களுக்கு ஆயுளை நீட்டிக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஜேம்ஸின் காலத்தில் சாத்தானோடு மோதிக் காட்டிய அரச அதிகாரம், இப்போது மன்னிப்பு வழங்குவதில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. குற்றம் சாட்டிய சிறுவன் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான், யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் 1636-ல் லங்காஸ்டர் சிறைக் கைதிகளின் பட்டியலில் அவர்களில் சிலருடைய பெயர்கள் இன்னும் இருந்தன.