அரிமானம்: துருவுக்கு முந்தைய சொல்

பால்கனியின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் ‘துரு பிடித்துவிட்டது’ என்கிறோம். துரு என்பது விளைவின் பெயர். அதை உண்டாக்கும் வினைக்குப் பெயர் அரிமானம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் கம்பியைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறோம்.

ஆங்கிலத்தின் ‘கரோஷன்’ கொறித்துத் தின்னுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எலி, அணில் போன்றவற்றுக்கு அங்கே வழங்கும் ‘ரோடண்ட்’ என்ற பெயருக்கும் அதுவே வேர். தமிழில் கரையான் மரத்தை அரிக்கிறது, அலை கரையை அரிக்கிறது. அந்த ‘அரி’யோடு தேய்மானம், செரிமானம் ஆகியவற்றில் வரும் ‘மானம்’ சேர்ந்து அரிமானம் ஆயிற்று. எவ்வளவு பொருத்தமான சொல்! ‘அரிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். அதில் தோல் அரிப்பும் மண் அரிப்பும் வந்து கலந்துவிடும். துருவோ இரும்புக்கு மட்டும் உரியது, செம்பில் ஏறுவது களிம்பு. எல்லா உலோகத்துக்கும் பொதுவாக நிற்பது அரிமானம்தான்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் அரிபடாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, உண்டாகிறது. உள்ளே தங்கும் ஈரத்தின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் அளவு, 12.5க்கு மேல் நிற்கிறது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கிறது.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே புகுந்து சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றினால் பி.எச். 9க்கும் கீழே இறங்கிவிடும். புதிதாக உடைத்த பரப்பில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். காரம் இருக்கும் இடம் அடர் இளஞ்சிவப்பாகும். காரம் போன விளிம்பு நிறமில்லாமல் கிடக்கும். அந்த விளிம்பு கம்பியைத் தொட்டுவிட்டால் படலம் நிற்காது.

கடல் உப்பில் இருக்கும் குளோரைடு இன்னும் கொடியது. காரம் குறையாதபோதே படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். இங்கேதான் சிமெண்டின் வேதியியல் முக்கியமாகிறது. அதிலுள்ள டிரைகால்சியம் அலுமினேட் குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து, ஃபிரீடல் உப்பு என்ற திடப்பொருளாக்கிக் கட்டிவைக்கிறது. மண்ணிலுள்ள சல்பேட் உப்புகள் கான்கிரீட்டைச் சிதைக்காமல் இருக்கத் தயாரிக்கும் சல்பேட் எதிர்ப்பு சிமெண்டில் இந்த அலுமினேட் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆகவே அது பிடித்துவைக்கும் குளோரைடும் குறைவு. மண்ணில் சல்பேட்டோடு குளோரைடும் இருந்தால் அந்தச் சிமெண்டைத் தவிர்த்து, அலுமினேட் 5 முதல் 8 சதவீதம் உள்ள சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டே நல்லது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456. கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சல்பேட்டையும் குளோரைடையும் ‘உப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால் தவறான மூட்டை வந்து இறங்கிவிடுகிறது.

துரு தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு பழுப்புக் கறை வெளியே கசியும்போது அரிமானத்துக்குப் பல வயதாகியிருக்கும். குளோரைடு ஏறிய காரையை வெட்டி எடுக்காமல் மேலே பூசி மறைத்தால், கம்பி ஓடும் வழியிலேயே மறுபடியும் நீளமாக விரிசல் விழும்.