நிகழ்ச்சி நிரலில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்

மானிடவியல் மாநாடு ஒன்றில் பிற்பகல் இரண்டரை மணி அமர்வு. மேசையில் ஐந்து பெயர் அட்டைகள், உட்கார்ந்திருந்தது நாலு பேர். ஐந்தாமவர் கொசோவோவின் தலைநகர் ப்ரிஷ்டினாவில், தன் வீட்டில் லேப்டாப் முன்னால் இருந்தார். ஸ்விட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போன கொசோவோக்காரர்கள் சொந்த ஊரில் மூன்று மாடி வீடு கட்டி, கோடை விடுமுறையில் மட்டும் திறந்து, மீதி நாளெல்லாம் பூட்டிப் போட்டிருப்பதைப் பற்றிய கட்டுரை அவருடையது. விசா அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததோ, மாநாடு முடிந்து ஒன்பது நாள் கழித்து. வீடியோ அழைப்பில் இரண்டு நிமிடம் குரல் வந்தது, அப்புறம் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு படம் மட்டும் உறைந்து நின்றது. அமர்வை நடத்திக்கொண்டிருந்த நானே கட்டுரையை எடுத்து வாசித்தேன். ஊர்ப் பெயர்கள் எல்லாம் அல்பேனிய மொழி. என் வாயில் அவை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: "பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கும்?" எனக்கு எப்படித் தெரியும்?

ஐரோப்பாவை ஆராயும் மானிடவியலாளர்களுக்கான ஒரு சிறு வலையமைப்பில் இரண்டு முறை ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துத் தேர்வு செய்வது, அமர்வுகளைக் கோப்பது, அழைப்புக் கடிதம் எழுதுவது, இருக்கிற கொஞ்சம் பணத்தைப் பங்கு போடுவது, இவைதான் வேலை. இதில் நான் கற்றது எல்லாம் அந்தக் காலி நாற்காலியிடமிருந்துதான். ஆராய்ச்சி மாணவர்களும் அவர்களுடைய நெறியாளர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. மானிடவியல் என்றால் ஐரோப்பியர் கப்பலேறிப் போய் மற்றவர்களை ஆராய்வது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. தங்கள் கண்டத்தையே பார்ப்பது பிறகு வந்தது. 1930களில் அமெரிக்கர்களான அரென்ஸ்பர்க்கும் கிம்பலும் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்குப் போனார்கள். பிரிட்டிஷ் மானிடவியலாளர் பிட்-ரிவர்ஸ் ஸ்பெயினின் ஆண்டலூசியா மலையூர் ஒன்றில் தங்கி எழுதிய நூல் 1954இல் வந்தது. அப்போதும் தெற்கு ஓரம், மேற்கு ஓரம், மலையூர், மீனவர் ஊர்தான். லண்டனும் பாரிசும் ஆராயப்பட வேண்டிய இடங்களாகத் தெரிய இன்னும் நாளாயிற்று. அமெரிக்க மானிடவியல் சங்கத்துக்குள் ஐரோப்பாவுக்கான தனிக் கழகம் 1986இல் உருவானது. ஐரோப்பிய சமூக மானிடவியலாளர் சங்கம், சுருக்கமாக ஈசா, 1989 ஜனவரியில் ரோமுக்கு அருகே காஸ்தெல் கந்தோல்ஃபோவில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், கிழக்கையும் மேற்கையும் பிரித்து நின்ற பெர்லின் சுவர் விழுந்தது. சங்கத்தின் முதல் மாநாடு 1990இல் போர்ச்சுகலின் கோயிம்ப்ராவில் நடந்தது, இரண்டாவது 1992இல் ப்ராகில். தொடங்கிய நாலு வருடத்துக்குள் 'ஐரோப்பா' என்ற சொல்லின் அகலமே மாறிவிட்டது.

என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்தியாவிலிருந்து வந்து ஐரோப்பாவையா ஆராய்கிறீர்கள்?" கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் பேராசிரியர் ஜி. பிரகாஷ் ரெட்டி டென்மார்க்கின் ஹ்வில்சாகர் என்ற சிற்றூரில் தங்கி, டேனிஷ்காரர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அது வந்தபோது அந்த நாட்டில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. எழுதுவது சுலபம், எழுதப்படுவது அப்படி இல்லை! இன்னொருவர் லூயி துய்மோன். 1949-50இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே இருந்து ஆராய்ந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், பிற்காலத்தில் தன் பார்வையை ஐரோப்பாவின் தனிமனிதக் கோட்பாட்டின் பக்கம் திருப்பினார். இங்கே பார்த்ததை வைத்துத்தான் அங்கே இருப்பதைக் கேள்வி கேட்டார். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத கடை இல்லை.

சரி, விசாவுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து நிகழ்ச்சி நிரலில் அதிக ஓட்டை போடுவது இதுதான்.

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், இழுத்தால் 45 நாள். இது சட்டம் சொல்லும் கணக்கு. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கக் காத்திருக்கும் நாள் இந்தக் கணக்கில் சேராது, ஆளைக் கவிழ்ப்பதே அதுதான். ஜூலை மாநாட்டுக்கான தேர்வு முடிவை நாங்கள் ஏப்ரல் கடைசியில் அறிவித்துக்கொண்டிருந்தோம். மேற்கு ஐரோப்பாவில் இருப்பவருக்கு அது தாராளமான அவகாசம், ரயில் டிக்கெட் எடுத்தால் போதும். ஆர்மீனியாவின் யெரெவானிலோ துருக்கியின் அங்காராவிலோ சென்னையிலோ இருப்பவருக்கு ஏப்ரல் கடைசி என்றால் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டு தேர்வு அறிவிப்பை ஜனவரிக்கு நகர்த்த எங்களுக்கு இரண்டு மாநாடு ஆனது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "இவ்வளவு சீக்கிரமா, கள ஆய்வே முடிந்திருக்காதே" என்றார்கள். முடியாவிட்டால் என்ன, சுருக்கம்தானே கேட்கிறோம்.

அழைப்புக் கடிதத்தில் இன்னொரு கண்ணி. நம் பெயர். தமிழ்நாட்டு மாணவர் சுருக்கம் அனுப்பும்போது 'எஸ்.' என்று தலைப்பெழுத்துப் போட்டு அனுப்புவார். பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் மூன்றாவது வடிவம். கடிதத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றால் கவுன்ட்டரில் இருப்பவர் நம் மரபைப் பற்றிப் பாடம் கேட்கப் போவதில்லை. ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்து எழுத்தாகப் பெயரை அனுப்பிவிடுங்கள். கடிதத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டுத் தேதி, யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்ற விவரம், கையொப்பம் ஆறும் இருக்கிறதா என்று பாருங்கள். செலவு விவரம் இல்லாத கடிதத்தால் பயனில்லை. 'தங்கும் நோக்கம் நம்பும்படியாக நிரூபிக்கப்படவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துத் திருப்பிவிடுவார்கள். மறுத்தாலும் கட்டணம் திரும்பி வராது. மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு, ஆனால் அது முடிவதற்குள் மாநாடு முடிந்திருக்கும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் 16ஆவது பிரிவில், அறிவியல் ஆய்வுக்கோ கருத்தரங்குக்கோ போகும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. என் முதல் பயணத்தில் எனக்கும் தெரியாது. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். விசா மையம் வாங்கும் சேவைக் கட்டணம் வேறு, அது எப்படியும் போகும். அழைப்புக் கடிதத்தில் 'ஆய்வாளராகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வருகிறார்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

ஷெங்கன் கிடைத்துவிட்டால் ஐரோப்பா முழுக்கத் திறந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் ஈசா மாநாடு, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நடந்தது. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும் ஒரு ஷெங்கன் நாட்டின் வதிவிட அட்டையும். பெல்ஃபாஸ்டுக்கு அந்த அட்டை செல்லாது, பிரிட்டிஷ் விசா தனி. சக ஊழியர்கள் விமானத்தில் எந்த இருக்கை என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டை அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பணம். வலையமைப்புகள் 'பயண உதவி' என்று அறிவிப்பதில் பெரும்பாலானவை, நீ முதலில் செலவு செய், பில்லைக் கொடு, பிறகு தருகிறோம் என்பவை. பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்கு இது வசதி. உதவித்தொகையில் இருக்கும் மாணவருக்கு இது உதவியே இல்லை, வட்டிக்கு வாங்க வைக்கும் ஏற்பாடு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி அண்ணனின் கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்து வந்தார். பில் அண்ணன் பெயரில் இருக்கிறது என்று அந்தத் தொகையை நாலு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதன் பிறகு நாங்கள் ஒரே ஒரு விதி வைத்தோம்: எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, டிக்கெட்டை வலையமைப்பே நேரடியாக வாங்கித் தரும். பத்துப் பேருக்கு அரைகுறையாகக் கொடுத்த பணத்தில் நாலு பேர் முழுசாக வந்தார்கள். இதில் எனக்கு இன்னும் உறுத்தல் உண்டு, மீதி ஆறு பேருக்கு என்ன சொல்வது? ஆனால் அரைகுறை உதவி வாங்கிய பத்துப் பேரில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று பழைய கோப்பைப் புரட்டியபோது வாதம் தானாக ஓய்ந்தது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். இந்த வலையமைப்புகளை இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஒரு வருட ஒப்பந்தம், இரண்டு வருட ஒப்பந்தம், வேறு ஊர், வேறு நாடு. ஒப்பந்தம் முடியும் மாதத்தில் ஒருங்கிணைப்பாளர் காணாமல் போவார், அவரோடு கோப்புகளும். ஐரோப்பிய மானிடவியலாளர்களின் நிலையற்ற வேலையைப் பற்றி ஈசாவே ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2020இல் அறிக்கை வெளியிட்டது. நீங்கள் எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் அலட்சியம் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த முகவரியே செத்திருக்கலாம். இன்னொருவருக்கும் எழுதுங்கள்.

ஆள் வந்து உட்கார்ந்த பிறகும் காலியாகவே இருக்கும் நாற்காலிகள் உண்டு. போலந்தின் பொஸ்னான் நகர மானிடவியலாளர் மிஹாவ் புஹோவ்ஸ்கி 2004இல் இதைச் சூடாக எழுதினார்: சுவர் விழுந்த பிறகு மேற்கிலிருந்து வந்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவை ஆராய்ந்தார்கள், அங்கேயே பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தவர்களைப் படிக்கவில்லை. கோட்பாடு மேற்கிலிருந்து, தகவல் கிழக்கிலிருந்து. இதற்குப் பின்னால் இரண்டு மரபுகளின் கதையும் இருக்கிறது. ஜெர்மனியிலும் கிழக்கிலும் தங்கள் சொந்த நாட்டுப்புற வாழ்வை ஆராயும் துறை பழையது, வெளியாரை ஆராயும் மானிடவியல் வேறு மரபு. நம் ஊரில் நாட்டார் வழக்காற்றியலையும் மானிடவியலையும் தனித்தனித் துறையாக வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் 1971இல் அந்தப் பழைய துறைப்பெயரையே மாற்றிக்கொண்டது. இரண்டு மரபினரும் ஒரே மேசைக்கு வரும்போது, ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறவர் கோட்பாட்டாளர் ஆகிவிடுகிறார், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர் 'உள்ளூர்த் தகவல் தருபவர்' ஆகிவிடுகிறார். கேள்விகளைக் கவனித்தால் தெரியும். முதலாமவரிடம் "உங்கள் வாதத்தின்படி..." என்று தொடங்கும் கேள்வி, இரண்டாமவரிடம் "உங்கள் ஊரில் எப்படி..." என்று தொடங்கும். நம் மாணவர்களுக்கும் இது நடக்கும். இத்தாலியின் முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிய ஒரு தமிழ் மாணவரிடம் வந்த முதல் கேள்வி இந்தியக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றியது. அப்படிக் கேட்டால் மரியாதையாக, "அது வேறு கட்டுரை, இந்தக் கட்டுரைக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டுத் தன் வாதத்துக்குத் திரும்பலாம். நான் நடத்தும் அமர்வாக இருந்தால் நானே திருப்பிவிடுவேன்.

போலி மாநாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வியன்னா, பாரிஸ் என்று ஊர் பெயர் போட்டு, எந்தத் துறையானாலும் சரி என்று அழைத்து, சுருக்கம் அனுப்பிய இரண்டு நாளில் 'தேர்வாகிவிட்டது, பணம் கட்டுங்கள்' என்று கடிதம் வந்தால் விட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு சுருக்கத்தைப் படித்து முடிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகிறது. தேர்வுக் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் பெயர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது.

ப்ரிஷ்டினாக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கொசோவோ மக்கள் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரலாம் என்றானது 2024 ஜனவரி 1 அன்று. அதுவரை ஐரோப்பாவில் பிறந்து, ஐரோப்பாவில் இருந்து, ஐரோப்பாவை ஆராயும் ஒருவர், ஐரோப்பாவைப் பற்றிப் பேச வரிசையில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு நடந்த எங்கள் கூட்டத்துக்கு மனிதர் வந்துவிட்டார், கையில் ஒரு சின்னப் பையோடு. தேநீர் இடைவேளையில் நான் வாசித்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, சிரித்துச் சிரித்துத் திருத்தினார். அப்போதுதான் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டேன், சாவி யாரிடம் இருக்கும் என்று.

"பக்கத்து வீட்டுக் கிழவியிடம்" என்றார். "பனிக்காலத்தில் குழாய் உறைந்து வெடித்துவிடும் இல்லையா, அவர்தான் வாரம் ஒருமுறை போய் அடுப்பு மூட்டிவிட்டு வருவார். அவருக்கு எவரும் ஒரு காசு கொடுத்து நான் பார்த்ததில்லை."