உப்பு நீரில் குமிழி ஏன் சிறியதாகவே இருக்கிறது?

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். கப்பியும் கோல்ட்ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகியவர், இப்போது 200 லீற்றர் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறார். வீட்டிலிருக்கும் கெனிஸ்டர் ஃபில்டர் (மூடிய பெட்டிக்குள் பஞ்சு வழியாக நீரை வடிகட்டும் கருவி) போதுமா, கடைக்காரர் வற்புறுத்தும் புரோட்டீன் ஸ்கிம்மரை (காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) வாங்கத்தான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. வாங்குங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

காரணம் பாடசாலையில் படிக்கும் சாதாரண தர விஞ்ஞானத்திலேயே இருக்கிறது. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட இரையும் அழுகி அமோனியாவாகின்றன. பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. கெனிஸ்டர் ஃபில்டரின் பஞ்சு அழுக்கைப் பிடித்து வைக்கிறது, வெளியே எறிவதில்லை. பிடித்த அழுக்கு அங்கேயே அழுகி நைத்திரேற்றாகி மறுபடியும் தொட்டிக்குள்தான் வருகிறது. கோல்ட்ஃபிஷ் அதைத் தாங்கிக்கொள்ளும், பவளம் தாங்காது. நுண்துளை நிறைந்த கல்லை அடுக்கி வைத்தால், ஒட்சிசன் எட்டாத அதன் உட்பகுதியில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றின் ஒரு பகுதியை நைதரசன் வாயுவாக்கி அனுப்பிவிடும். இதற்காக ஹிக்கடுவையிலோ திருகோணமலையிலோ பவளக்கல் பெயர்த்துக் கொண்டுவர வேண்டாம், அது சட்டப்படி குற்றம். காய்ந்த கல்லே போதும், சில வாரங்களில் பற்றீரியா குடியேறிவிடும்.

ஸ்கிம்மர் இந்த வரிசைக்கு முன்னாலேயே குறுக்கிடுகிறது. அழுகுவதற்கு முன்பே கழிவை நீரிலிருந்து தூக்கிவிடுகிறது. புரத மூலக்கூறு ஒன்றின் சில பகுதிகளுக்கு நீர் பிடிக்கும், சில பகுதிகளுக்குப் பிடிக்காது. நீருக்குள் மிதக்கும் அது ஒரு காற்றுக் குமிழியைச் சந்தித்தால், நீர்வெறுக்கும் பகுதியைக் காற்றுப் பக்கமும் மற்றதை நீர்ப்பக்கமும் திருப்பிக்கொண்டு குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே வந்துவிட்டால் திரும்பிப் போக அதற்கு மனம் வராது. கொழுப்பும் வேறு சேதனப் பொருள்களும் இதே வழியில் வந்து சேர்கின்றன. குமிழிகள் மேலேறி நுரையாகி, நுரை ஒடுங்கிய கழுத்து வழியாக உயர்ந்து, மேலேயுள்ள கிண்ணத்தில் வழிகிறது. ஏறும் வழியில் குமிழிகளுக்கிடையிலுள்ள நீர் வடிந்து தொட்டிக்கே திரும்பிவிட, கழிவு மட்டும் செறிந்து நிற்கிறது. கிண்ணத்தில் சேர்வதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் கடுஞ்சாயத் தேநீரின் நிறம். நாற்றம் மட்டும் தாங்க முடியாது.

எல்லாம் மேற்பரப்பின் கணக்கு. ஒரு லீற்றர் காற்றை 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் கிடைக்கும் மொத்தப் பரப்பு 1.2 சதுரமீற்றர். அரை மில்லிமீற்றர் குமிழிகளாக உடைத்தால் 12 சதுரமீற்றர். சிறிய குமிழி மெதுவாக மேலேறுவதால் புரதத்தைச் சந்திக்க நேரமும் கூடுதல். அதனால்தான் நல்ல ஸ்கிம்மரின் பம்பில் ஊசிகள் பதித்த சக்கரம் சுழன்று காற்றைப் பொடிப்பொடியாக்குகிறது.

அதே பம்பை நன்னீரில் ஓட்டினால் பயனில்லை. உடைத்த குமிழிகள் அடுத்த கணமே ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து விரைந்து மேலே போய்விடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு போத்தல்களில் நீர் எடுத்து, ஒன்றில் லீற்றருக்கு 35 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரியான காற்றுக்கல்லை (காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் நுண்துளைக் கல்) போட்டுக் காற்றைச் செலுத்துங்கள். உப்பில்லாத நீரில் பெருங்குமிழிகள் தெளிவாகத் தெரியும், உப்பு நீர் நுண்குமிழிகளால் வெளுத்துக் கலங்கும்.

படித்த விஞ்ஞானத்தின்படி இது தலைகீழாக நடக்க வேண்டும். நீரிலுள்ள குமிழிகள் மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுபவை. உப்பின் அயன்கள் அந்தத் தள்ளுகையை மறைப்பதால் குமிழிகள் இன்னும் எளிதாக ஒன்றுசேர வேண்டும். ஆனால் லீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராமைத் தாண்டியதும் உப்பு அவற்றைச் சேரவிடாமல் தடுக்கிறது. இரண்டு குமிழிகளுக்கு நடுவே அகப்பட்ட மெல்லிய நீர்ப்படலம் வடிந்து அறுவது தாமதமாகிறது. 1993இல் கிரெய்க், நின்ஹாம், பாஷ்லி ஆகிய மூவரும் ‘நேச்சர்’ இதழில் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். சோடியம் குளோரைட்டு தடுக்கிறது, அதே செறிவில் ஐதரோகுளோரிக் அமிலம் தடுப்பதில்லை. எந்த அயன் எதனோடு சோடி சேர்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. ஏன் என்பதில் இன்றுவரை முழு உடன்பாடு இல்லை.

குமிழியை ஆராயவா காசு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கடலில் அலை உடையும்போது பிறக்கும் குமிழிகள் வெடித்து உப்புத் துகளைக் காற்றில் ஏற்றுகின்றன. அத்துகள்களைச் சுற்றி நீராவி ஒடுங்கி முகில் துளிகள் உருவாகின்றன. தென்மேல் பருவக்காற்று நம் மலைகளில் கொண்டுவந்து கொட்டும் மழையில் அந்தக் குமிழிகளுக்கும் பங்குண்டு. ஒரு காற்றுக்கல்லும் நுணுக்குக்காட்டியும் இருந்தால் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளும் இந்தப் புதிரில் கைவைக்கலாம். அந்தச் சிறு தொகையை ஒதுக்காமலிருப்பது அநியாயம்.

மலைநாட்டுக்கென்று சில விடயங்கள் உண்டு. கொழும்பில் தொட்டியைக் குளிர்விக்கப் பாடுபடுவார்கள், இங்கே 25 பாகையில் வைத்திருக்கச் சூடாக்கி வேண்டும். 25 பாகையிலுள்ள கடல்நீரில் கடல்மட்டத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். நுவரெலியாவில் காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான், ஆகவே 5.4 அளவுதான் கரையும். ஹட்டனில் நிலைமை சற்று மேல். ஓயாமல் காற்றைக் கலக்கும் ஸ்கிம்மர் அந்த அளவுக்காவது ஒட்சிசனை நிறைத்து வைக்கும். குளிருக்காகச் சன்னலைப் பூட்டிய வீட்டில் காபனீரொட்சைட்டு கூடி நீரின் பிஎச் இறங்கும், பவளம் எலும்புக்கூடு கட்டத் திணறும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வீட்டுக்கு வெளியே விட்டால் இது தீரும். குழாயின் வாய் தேயிலை மலைப் பக்கம் இருக்க வேண்டாம். தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்துகளில் செம்பு உண்டு, பவளத்துக்குச் செம்பு நஞ்சு. இதே காரணத்தால் ஊற்றுநீரை நம்பி உப்புக் கலக்காதீர்கள், எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வும் அயன் நீக்கும் பிசினும் கடந்த நீரைப் பயன்படுத்துங்கள்.

மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்ணூறு அதோடு போயிற்று என்று ஆறுதல் சொல்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த ஆறுதல் தீங்கானது, ஏனென்றால் நீரைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டி வைத்துவிடுகிறது. மீனைக் கொன்றது அமோனியாவா, ஒட்சிசன் குறைவா என்று அன்றே பார்த்தால்தான் மிச்சமுள்ள உயிர்கள் பிழைக்கும்.

200 லீற்றர் தொட்டிக்கு, 300 லீற்றர் வரை தாங்கும் என்று குறித்த ஸ்கிம்மரைப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்கான கணக்கு. கழுத்தை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடையுங்கள், அங்கே படியும் கொழுப்பு நுரையை ஏறவிடாது. கையில் எண்ணெய்ப் பசை இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டாலும் நுரை சில மணிநேரம் படுத்துவிடும். பழைய கெனிஸ்டரை எறிய வேண்டாம். பஞ்சை எடுத்துவிட்டுச் செயலூட்டிய கரியை மட்டும் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து கழுவுங்கள்.