அக்கெலாரே: கிடா மேய்ந்த வெளி

ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் அக்கெர் என்றால் வெள்ளாட்டுக் கிடா, லாரே என்றால் மேய்ச்சல் நிலம், இரண்டும் சேர்ந்து அக்கெலாரே. ஆல்கா என்ற புல்லின் பெயரிலிருந்து வந்தது, கிடாவுக்கு இதில் வேலையே இல்லை என்பாரும் உண்டு. ஸ்பானிய மொழியில் இதன் பொருள் வேறு: சூனியக்காரிகள் இரவில் கூடி, கிடா உருவில் வரும் சாத்தானைக் கும்பிடும் கூட்டம்.

புல்வெளிக்கு இந்தப் பொருள் எப்படி வந்தது? வட ஸ்பெயினில் நவாரா பகுதியின் சுகாராமுர்தி கிராமத்தில் சிலர் தாங்கள் சூனியம் செய்ததாகக் கோவிலில் அண்டை வீட்டார் முன்னால் சொல்லி மன்னிப்பும் பெற்றுவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1609இல் மதவிசாரணை மன்றம், அதாவது கத்தோலிக்க மதத்துக்கு மாறாக நடந்தவர்களை விசாரித்துத் தண்டித்த ஸ்பானிய நீதிமன்றம், உள்ளே வந்தது. விசாரித்தவர்களுக்கு பாஸ்க் தெரியாது, பிடிபட்ட பலருக்கு ஸ்பானியம் தெரியாது, நடுவில் மொழிபெயர்ப்பாளர்கள். இந்தப் பொருளே ஊரார் வாயிலிருந்து வரவில்லை, விசாரணைக்காரர்கள் உண்டாக்கியது என்று டென்மார்க் ஆய்வாளர் குஸ்தாவ் ஹென்னிங்சன் வாதிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் 6 பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையிலேயே செத்துப்போன 5 பேரைக்கூட விடவில்லை, உருவபொம்மை செய்து எரித்தார்கள்.

அந்த விசாரணையாளர்களில் ஒருவரான அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸ் மறுவருடம் ஊர் ஊராகப் போய் 1,802 பேரை விசாரித்தார், அதில் 1,384 பேர் சிறுவர் சிறுமியர். சூனியத் தைலம் என்று கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. புனித யோவான் திருநாள் இரவில் கூட்டம் நடந்ததாகச் சொன்ன இடத்தில் அன்று இருந்தது அவருடைய எழுத்தர்கள்தான், அவர்கள் யாரையும் பார்க்கவில்லை! பேசவும் எழுதவும் தொடங்கும்வரை சூனியக்காரியும் இல்லை, சூனியத்துக்கு ஆளானவரும் இல்லை என்று அவர் எழுதினார். 1614இல் சூனிய வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தின் விதிகளே மாறின.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லின் நேர்ப்பொருளுக்குக் கிடாவெளி போதும், மந்தைவெளி என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அதே அமைப்பு. கூட்டம் என்ற பொருளுக்குச் சூனியக்கூட்டம் எனலாம். சோர்கின் என்ற பாஸ்க் சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் சூனியக்காரி என்று மாற்றாதீர்கள். அவர்களுடைய நாட்டார் கதைகளில் மாரி என்ற மலைத் தெய்வத்துக்குத் துணை நிற்பவளும் சோர்கின்தான். அங்கே சோர்கின் என்றே விட்டுவிடலாம். சுகாராமுர்தி வழக்கை எழுதும்போது, 'சூனியக்கூட்டம் நடத்தினார்கள்' வேண்டாம், 'நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள்' என்று எழுதுங்கள்.