பாலைவனக் காற்று சமைக்கும் இறைச்சி

ஜூன் மாதத்து டூசானில் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு காபி குடித்து வந்தால், சட்டை விறைப்பாகக் காய்ந்து நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே, சொனோரா பாலைவனத்துக்குள் இருக்கும் நகரம் இது. ஓர் ஆண்டின் மொத்த மழையே சுமார் 300 மில்லிமீட்டர்தான். கோடைப் பிற்பகலில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். என் சட்டையைக் காயவைத்த அந்தக் காற்றுக்கு இந்த ஊர்ச் சமையலில் எத்தனை பெரிய பங்கு என்பது அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது புரிந்தது.

1850-களில் அமெரிக்கா விலை கொடுத்து வாங்கும்வரை டூசான் மெக்சிகோவின் ஊர். ஆகவே மெக்சிகோ உணவு இங்கே பிழைக்க வந்த உணவு அல்ல, இந்த மண்ணின் உணவு. 2015-ல் யுனெஸ்கோ தன் உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் டூசானைச் சேர்த்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் அமெரிக்க நகரம் இதுதான்.

என் தட்டில் வந்தது கார்னே செக்கா. பெயரின் பொருள் 'உலர்ந்த இறைச்சி'. மாட்டிறைச்சியை மெல்லிய தகடுகளாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் பூண்டும் தடவி, வெட்டவெளியில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். 1922 முதல் நடந்துவரும் எல் சார்ரோ உணவகத்தில் இதற்காகவே கூரைமேல் ஒரு கம்பிக்கூண்டு இருக்கிறது. பூச்சியும் பறவையும் உள்ளே போக முடியாது. காற்றும் வெயிலும் தடையில்லாமல் போய்வரும்.

38 டிகிரி வெப்பத்தில் பச்சை இறைச்சியைத் தொங்கவிட்டால் அழுகிவிடாதா? சென்னையில் என்றால் மாலைக்குள் நாறிவிடும். நம் வீடுகளில் உப்புக்கண்டம் போடுகிறவர்கள் உப்பையும் மஞ்சளையும் தாராளமாகப் பிசறுவது அதனால்தான். டூசானில் அந்தக் காவலில் பாதியைக் காற்றே செய்துவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது தான் ஒட்டியிருக்கும் பொருளிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக நீர் ஆவியாகும். அவ்வளவுக்கு அந்தப் பொருளும் குளிரும். 38 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரப்பதமும் இருக்கும் காற்றில், நிழலில் தொங்கும் ஈரத்துணியின் வெப்பநிலை ஏறக்குறைய 17 டிகிரிக்கு இறங்கிவிடும். நேர்வெயில் பட்டால் இது கூடும். ஆனாலும் ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். பாக்டீரியாக்கள் பெருக விரும்பும் முதல் சில மணி நேரத்தில், அனல்காற்றே இறைச்சிக்குக் குளிர்ச்சி தருகிறது. நான் தங்கியிருந்த வீட்டில் அறையைக் குளிர்வித்த பழைய இயந்திரமும் ஈரமான நார்மெத்தை வழியாகக் காற்றை ஊதுவதுதான். அதே இயற்பியல்.

ஈரம் தீர்ந்து இறைச்சி சூடேறத் தொடங்கும்போது இரண்டாவது காவல் வந்துவிடுகிறது. நுண்ணுயிர்களுக்கு எட்டும்படி ஓர் உணவில் எவ்வளவு நீர் கட்டுப்படாமல் இருக்கிறது என்பதை 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பச்சை இறைச்சிக்கு ஏறத்தாழ 0.99. அது 0.91-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்களால் வளர முடியாது. பிடிவாதம் மிகுந்த ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்கூட 0.86 அளவோடு நின்றுவிடும். உலர்த்துவது என்பது இந்த எண்ணை, கிருமிகள் முந்திக்கொள்வதற்குள் கீழே கொண்டுவரும் ஓட்டப்பந்தயம். தகடு தடிமனாக இருந்தால் வெளிப்புறம் ஓடுபோல இறுகி உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். அதனால்தான் அரிகிறவரின் கத்தி அவ்வளவு முக்கியம்.

உலர்ந்த இறைச்சியை நார்நாராகப் பிய்த்து, தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வதக்குகிறார்கள். போன நீர் ஓரளவுதான் திரும்புகிறது. உலரும்போது நெருங்கிக் கெட்டிப்பட்ட புரத இழைகள் பழையபடி விரிவதில்லை. மெல்ல மெல்லச் சாறு இறங்கும் அந்தக் கடிப்பதம் இதனால் வருவது. பச்சை இறைச்சியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை நினைத்தால், ஒரு வாயில் அத்தனை சுவை எப்படி அடங்கியது என்பதும் விளங்கும்.

அதைச் சுற்றிச் சாப்பிட வந்த ரொட்டி எனக்கு இன்னொரு வியப்பு. மெக்சிகோ என்றால் மக்காச்சோளம் என்றே நினைத்திருந்தேன். சொனோராவின் பெருமையோ கோதுமை டார்ட்டியா. மக்காச்சோளம் இந்தச் சமவெளியில் சுமார் 4,000 ஆண்டுகளாக விளைகிறது. ஆனால் அது உறைபனியைத் தாங்காது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதிரியார் எவுசேபியோ கினோ கொண்டுவந்த கோதுமை, குளிர்கால மழையில் வளர்ந்து கோடைத் தொடக்கத்தில் அறுவடைக்கு வந்தது. குதிர்கள் காலியாகி அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் மாதங்கள் அவை. இங்கிருந்த ஓதாம் பழங்குடி மக்கள் அதைத் தம் பயிராக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

ஓர் அம்மையார் டார்ட்டியா போடுவதை அருகில் நின்று பார்த்தேன். வெதுவெதுப்பான நீரும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து ஊறவைத்த உருண்டையை, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தட்டினார். மாவு முழங்கைவரை வழிந்து விரிந்தது. ஒரு கட்டத்தில் அதன் வழியே அவருடைய கைவளையல் தெரிந்தது. நீர் பட்டதும் கோதுமையின் குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்களும் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. குளூட்டெனின் இழுத்தால் சுருங்கப் பார்க்கும், கிளையடின் வழிந்துகொடுக்கும். ஊறும் நேரத்தில் வலையின் இறுக்கம் தளர்கிறது. கொழுப்பு இழைகளுக்கு நடுவே புகுந்து வழவழப்பாக்குகிறது. பரோட்டா மாவை எண்ணெயில் ஊறப்போடுவதும் இதற்காகத்தான். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தால் மாவு ஒட்டிக்கொள்ளும், ஆனால் இப்படி இழுபடாது. கவிழ்த்த இரும்புச் சட்டியில் அந்த மெல்லிய விரிப்பு விழுந்ததும், உள்ளிருந்த நீர் ஆவியாகி ஆங்காங்கே கொப்புளம் எழுப்பியது. ஒரு நிமிடத்துக்குள் ரொட்டி தயார்.

கூடவே சின்னக் கிண்ணத்தில் டெப்பரி பயறு. வெயில் உச்சிக்கு ஏறும்போது தன் இலைகளைக் கதிருக்கு இணையாகத் திருப்பி வெப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளும் செடி அது. தண்ணீரை அதிகம் விட்டால் இலையாகத் தழைத்துக் காயைக் குறைத்துவிடும். அவிந்த பின்னும் குழையாமல் நின்றது. எனக்குக் கார்னே செக்காவைவிட அதன் மண்வாசனை பிடித்தது.

கடைசியாக மேசையில் வைத்தது சில்டெப்பின், சொனோராவின் காட்டு மிளகாய். உருண்டையாக, சிவப்பாக, மிளகின் அளவே இருந்தது. போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துச் செடி நம்மிடம் வரும்வரை தமிழர் சமையலின் காரம் மிளகுதான். வந்த காய்க்கு அதனால்தான் மிளகாய் என்று பெயர் வைத்தோம். இந்த உருண்டையை விரல்களுக்கு நடுவில் உருட்டியபோது அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது.

காரம் செடிக்கு எதற்கு? தெற்கு அரிசோனாவின் சில்டெப்பின் செடிகளை ஆராய்ந்து ஜோஷுவா ட்யூக்ஸ்பரியும் கேரி நாப்ஹானும் 2001-ல் விடை சொன்னார்கள். எலிகள் தின்றால் விதை முளைக்கும் திறனை இழக்கிறது. பறவைகளின் வயிற்றைக் கடந்த விதை பழுதில்லாமல் முளைக்கிறது. காரத்தைத் தரும் கேப்சைசினைப் பாலூட்டிகளின் நரம்பு உணர்கிறது. பறவைகளின் நரம்பு உணர்வதில்லை. எலி விலகிப்போக, பறவை பழத்தைத் தின்று, தான் போய் அமரும் புதர்களின் நிழலில் விதையைப் போடுகிறது. பாலைவனத்தில் இளஞ்செடி பிழைக்க அந்த நிழல்தான் வேண்டும்.

நம் வாயில் கேப்சைசின் பற்றிக்கொள்ளும் ஏற்பி டிஆர்பிவி1. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்பு அது. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் இதே ஏற்பிதான். மிளகாயைக் கடித்தால் வாய் நிஜமாகவே சுடுவதாக மூளைக்குச் செய்தி போகிறது. உடனே உடல் வியர்த்துக் குளிர முயல்கிறது.

இரண்டு உருண்டைகளை நசுக்கி இறைச்சிமேல் தூவினேன். காரம் சட்டென்று உச்சந்தலைக்கு ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. காது மடல்கள் எரிந்தன. வியர்த்திருக்கும் என்று கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். ஈரம் இல்லை. புருவத்தின்மேல் மெல்லிய உப்புப்பொடி மட்டும் படிந்திருந்தது.