"வலி போச்சு சார், ஆடினேன், திரும்ப வந்துடுச்சு"

மூன்று மாதத்துக்கு முன் என்னிடம் வந்தவருக்கு வயது 43. பல வருடம் கழித்து ஷட்டில் ராக்கெட்டை எடுத்தவர், முதல் வாரமே தினமும் இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறார். "குதிகால் நரம்பு வலிக்குது சார்" என்றார். குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே தொட்டாலே வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் நாலு அடியில் உயிர் போகிறது. ஒரு மாதம் ஓய்வெடுத்தார், போனது. ஆடினார், வந்தது. இப்படி மூன்று முறை.

அவர் 'நரம்பு' என்றது அகில்லிஸ் தசைநாணை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் கயிறு அது. ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறேழு மடங்கு இழுவை அதன்மேல் விழும். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த 'திரிபு' ஞாபகம் இருக்கிறதா? இழுத்தால் எத்தனை சதவீதம் நீள்கிறது என்ற கணக்கு. அந்த நீட்சியை உணர்ந்துதான் உள்ளே இருக்கும் செல்கள் தசைநாணைப் பலப்படுத்துகின்றன. ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஆய்வில், 14 வாரம் ஒரு காலுக்குச் சுமார் 3 சதவீதத் திரிபும் மறு காலுக்குச் சுமார் 4.5 சதவீதமும் கொடுத்துப் பார்த்தார்கள். தசைநாண் விறைப்பு, அதாவது எளிதில் நீளாத உறுதி, ஏறியது இரண்டாவது காலில்தான்.

ஓய்வில் வலி அடங்கும், கயிறு தளரும். தளர்ந்த கயிறு, அதே குதிப்புக்கு முன்னைவிட அதிகம் நீளும். அவர் மாட்டிக்கொண்ட சுழல் இதுதான்.

வெளியே வர வழி, தசைநாணுக்கு அளவாகச் சுமை கொடுக்கும் பயிற்சி. படி விளிம்பில் முன்பாதம், கை கைப்பிடியில். இரண்டு காலால் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக இறங்க வேண்டும். ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் அல்ஃப்ரெட்சன் 1998-இல் எழுதிய முறையில் நாளைக்கு 180 தடவை, 12 வாரம். வேலைக்குப் போகிற ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. நான் எண்ணிக்கையைக் குறைத்து, முதுகுப்பையில் எடையைக் கூட்டுகிறேன். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வலி எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படி வேண்டாம், சமதரையில் செய்தால் போதும்.

'பட்' என்று சத்தம் கேட்டு, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தால் கதையே வேறு, தசைநாண் அறுந்திருக்கலாம். அறுந்த பிறகும் சிலர் நடந்தே வருவார்கள், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் அசையாது. அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பலவீனமாக்கக்கூடியவை.

நம் ஷட்டில்காரர் இப்போது பையில் பத்து கிலோ அரிசியோடு படியில் நிற்கிறார். "எப்போ சார் ஆடலாம்?" என்று வாரம் தவறாமல் கேட்கிறார். முதலில் ஒற்றைக் காலில் இருபது தடவை குதித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நேற்று பதினொன்று.